சவலைக் குஞ்சு

ஓர் அடையில் பத்துக் குஞ்சு பொரித்தால் அதில் ஒன்றாவது பின்தங்கும். மற்றவை இறக்கை முளைத்துத் தாயின் காலைச் சுற்றி ஓடும்போது அது மட்டும் பொரித்த நாளின் அளவிலேயே நிற்கும். இறக்கை தொங்கும், கண் செருகும், இரை போட்டால் கடைசியாக வந்து, வந்த வேகத்திலேயே ஒதுங்கிவிடும். இதற்கு என்ன செய்வது என்று கேட்டால் தெருவுக்கு ஒரு பதில் வரும். சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடு என்பார் ஒருவர். மருந்துக்கடையில் டானிக் வாங்கு என்பார் இன்னொருவர். அது தேறாது, விட்டுவிடு என்பார் மூன்றாமவர். மூன்றுமே சில சமயம் சரிதான். எது எப்போது சரி என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: சவலையாகவே பிறக்கும் குஞ்சுகள் குறைவு. முதல் ஐந்தாறு வாரத்தில் குளிராலும் பட்டினியாலும் ஈரத்தாலும் சவலையாகிப் போகும் குஞ்சுகளே மிகுதி. இந்த மூன்றையும் சரிசெய்யாமல் கொடுக்கும் மருந்து வீண்.

இது சின்ன விஷயம் அல்ல. 2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள சுமார் 85 கோடிக் கோழியினங்களில் ஏறத்தாழ 31.7 கோடி புழக்கடையில் வளர்பவை. அவற்றை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பண்ணைக்காரருக்கு ஆயிரத்தில் ஒரு குஞ்சு போனால் அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. எட்டுக் குஞ்சு வைத்திருக்கும் வீட்டில் ஒன்று போனால் அது அடுத்த ஆண்டுக்கான முட்டைக்கோழி.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, குஞ்சு நோயுற்றதா, அல்லது இயல்பிலேயே சிறியதா என்பது. பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு எல்லாமே நோஞ்சானாகத்தான் தெரியும். நாட்டுக்கோழி வகைகளுக்குள்ளேயே சிறுவிடையின் வளர்ச்சி வேறு, பெருவிடையின் வளர்ச்சி வேறு. பல கோழிகளின் முட்டைகளைச் சேர்த்து ஒரே அடையில் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் சிறுவிடைக் குஞ்சும் பெரிய இனமான அசில் கலந்த குஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்று தேங்கிவிட்டதாகவே தோன்றும். முட்டையின் அளவும் சேர்ந்துகொள்கிறது. பொரித்த குஞ்சின் எடை முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முதல் ஈடு இடும் விடைக்கோழியின் சின்ன முட்டையிலிருந்து வரும் குஞ்சு சின்னதாகத்தான் இருக்கும். அது துறுதுறுவென்று ஓடி, கிளறி, தீனிப்பை நிறையத் தின்றால் அதற்குச் சிகிச்சை எதுவும் வேண்டாம். கவலைக்குரியது வேறு: வாரத்துக்கு வாரம் எடை கூடாத குஞ்சு. சமையலறைத் தராசு இருந்தால் ஒரே நேரத்தில், ஒரே நாளில், வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைப்பது கண்ணை நம்புவதைவிட மேல். சிறியதாக இருந்தும் ஏறிக்கொண்டே வந்தால் அது பிழைக்கும் குஞ்சு.

நிறுக்கும்போதே கையில் வைத்துப் பார்க்கவும் வேண்டும். குஞ்சை உள்ளங்கையில் உட்காரவைத்து விரல்களால் மெல்ல மூடுங்கள். கால் சில்லிட்டிருந்தால் முதல் சிக்கல் குளிர்தான். கழுத்தடியில் வலப்பக்கம் தீனிப்பையைத் தொடுங்கள். மாலையில் அது நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும். காலையில் காலியாக இருக்க வேண்டும். மாலையில் காலி என்றால் தின்னவில்லை. காலையிலும் கெட்டியாகவோ தளதளவென்றோ நின்றால் தின்றது இறங்கவில்லை. நெஞ்செலும்பின் இருபுறமும் சதை இருக்கிறதா, கத்தி விளிம்பு போல எலும்பு மட்டும் தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவுங்கள். பிறகு திருப்பிப் பிட்டத்தைப் பாருங்கள். எச்சம் காய்ந்து துவாரத்தை அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்து எடுக்க வேண்டும். காய்ந்தபடியே பிய்த்தால் தோல் கிழியும். துவாரத்துக்குச் சற்றுக் கீழே, வயிற்றுப் பக்கம் இருப்பது தொப்புள். அங்கே ஒட்டியிருக்கும் காய்ந்த பொருக்கை எச்சம் என்று நினைத்து இழுக்கக் கூடாது. இறக்கையைத் தூக்கி அடியில் பேன் ஊர்கிறதா என்றும், கண்ணோரத்தில் கருப்பாய்த் தெள்ளுப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முப்பது கிராம் உயிரிடமிருந்து இவை உறிஞ்சும் ரத்தமே அதைச் சோகையாக்கப் போதும்.

முதல் வாரத்தில் சுணங்கும் குஞ்சின் கதை பெரும்பாலும் முட்டைக்குள்ளேயே தொடங்கியிருக்கும். பொரிவதற்கு ஓரிரு நாள் முன்பு மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. பொரித்த பின் இரண்டு மூன்று நாளுக்கு அதுதான் அதன் கட்டுச்சோறு. தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்களும் அதன் வழியாகத்தான் வருகின்றன. தொப்புள் சரியாக மூடாமல் அழுக்கு அடைக்கூட்டில் பொரித்தால் கிருமி உள்ளே போய் அந்த மஞ்சள் கரு அழுகிவிடும். வயிறு உப்பி, நீலம் பாரித்து, கெட்ட வாடை வீசும் குஞ்சு பெரும்பாலும் ஒரு வாரத்தைத் தாண்டாது. இதில் நாம் செய்யக்கூடியதெல்லாம் அடுத்த அடைக்கான வேலைதான்: அடைக்குப் புது மணலும் புது வைக்கோலும் போடுவது, எச்சம் படிந்த முட்டையை அடைக்கு வைக்காமல் இருப்பது, கூமுட்டை உடையும் முன் எடுத்துவிடுவது.

கடைசியாகப் பொரித்த குஞ்சின் நிலைமை வேறு. இருபத்தோராம் நாளில் முதல் குஞ்சுகள் பொரித்து நடக்கத் தொடங்கினால் ஓரிரு நாளில் தாய் கூட்டைவிட்டு எழுந்துவிடும். முட்டைகளை ஒரே நாளில் வைக்காமல் தவணை தவணையாக அடையில் சேர்த்திருந்தால், பின்னால் பொரிப்பவை குளிரில் கிடந்து, தாயின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் முதல் நாளிலேயே பின்தங்குகின்றன. இவற்றிடம் நோயே கிடையாது. ஒருநாள் சூடும் சிறிது தண்ணீரும் கொடுத்து, தேறிய பின் இரவு இருட்டில் தாயின் அடியில் தள்ளிவிட்டால் போதும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் பத்து நாளுக்குக் குஞ்சால் தன் உடற்சூட்டைத் தானே காக்க முடியாது. முதல் வாரத்தில் அது இருக்கும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நல்ல அடைக்கோழி இதை நம்மைவிடத் திறமையாகச் செய்யும். ஆனால் ஐப்பசி மழையில் நனைந்த குஞ்சுக்கும், தாயில்லாமல் வாங்கிவந்த குஞ்சுக்கும் நாம்தான் தாய். அட்டைப்பெட்டியில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடுவது பழைய முறை. இப்போது வீடுகளில் எல்.இ.டி. பல்புதான் இருக்கிறது. அதில் வெளிச்சம் வரும், குஞ்சைக் காக்கும் அளவுக்குச் சூடு வராது. விளக்கு எரிகிறது என்ற நிம்மதியில் நாம் தூங்க, குஞ்சு விறைத்துக் கிடக்கும். பழைய அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைத் தேடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். சூடு போதுமா என்பதைக் குஞ்சுகளே சொல்லும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூச்சலிட்டால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் புழுக்கம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியான சூடு.

சில்லிட்ட குஞ்சுக்கு உடனே இரை ஊட்டுவது பலரும் அக்கறையால் செய்யும் கெடுதல். உடல் குளிர்ந்திருக்கும்போது செரிமானம் நின்றிருக்கும், ஊட்டியது பைக்குள்ளேயே புளிக்கும். முதலில் சூடு, பிறகு வெல்லமோ கருப்பட்டியோ கரைத்த வெதுவெதுப்பான நீர், அதன் பிறகே இரை. நீரைச் சொட்டுக்குழாயால் தொண்டைக்குள் பீய்ச்சாமல் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மூச்சுக்குழலில் நீர் போய்ச் செத்த குஞ்சுகளும் உண்டு.

அடுத்தது பட்டினி. தீனி இல்லாத பட்டினி மட்டுமல்ல, தீனி இருந்தும் நெருங்க முடியாத பட்டினியும் உண்டு. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வே நாட்டுத் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் எழுதிக் காட்டினார். சிறுவயது முதலே கோழிகளைக் கூர்ந்து பார்த்து வந்தவர் அவர். அந்த வரிசையின் கடைசிப்படியில் நிற்கும் குஞ்சுக்கு ஒரே தட்டில் இரை வைத்தால் எதுவும் மிஞ்சாது. தின்னாததால் இளைக்கும், இளைத்ததால் இன்னும் கொத்துப்படும். ஒரு தட்டுக்குப் பதிலாக மூன்று நான்கு இடத்தில் இரை வைப்பது எளிய தீர்வு. பெரிய கோழிகள் நுழைய முடியாதபடி பஞ்சாரத்தைச் சற்றே தூக்கிவைத்து அதற்குள் குஞ்சுத் தீனி வைப்பது இன்னும் நல்லது.

தனியே பிரித்து வைக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கழிச்சலோ மூச்சிரைப்போ இருந்தால் பிரிப்பதில் இரண்டாவது பேச்சே இல்லை. வெறும் மெலிவு மட்டும் என்றால் முழுத்தனிமை கூடாது என்பது என் கருத்து. இன்னொன்று கொத்துவதைப் பார்த்தால் குஞ்சு தானும் கொத்தும். தனியாக விட்டால் ஓயாமல் கத்தியே இருக்கிற தெம்பையும் செலவழித்துவிடும். அதனுடன் சாதுவான ஒரு குஞ்சைத் துணைக்கு விடுங்கள், தாயின் குரல் கேட்கும் தூரத்தில் வையுங்கள்.

இனி எதைத் தின்னக் கொடுக்கிறோம் என்பது. நம் வீடுகளில் குஞ்சுக்கு முதலில் விழுவது நொய். பல வீடுகளில் கடைசி வரை அதுவேதான். வளரும் குஞ்சின் தீனியில் 20 விழுக்காடு புரதம் வேண்டும். அரிசியில் இருப்பதோ ஏழு எட்டு விழுக்காடு. புரதம் மட்டுமல்ல பிரச்சினை. தீட்டிய அரிசி கோழியை என்ன செய்யும் என்பது உலகம் அறிந்த கதை. 1889-இல் ஜாவாவின் படேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் ஆய்வுக்காக வளர்த்த கோழிகள் கால் துவண்டு விழத் தொடங்கின. கிருமியைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. சில மாதங்களில் கோழிகள் தாமாகவே எழுந்து நடந்தன. விசாரித்தால், இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச்சோறு இடையில் கோழிகளுக்குப் போயிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்ததால் மீண்டும் தீட்டாத அரிசிக்கு மாறியிருந்தார்கள். தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று காக்கிறது என்று எய்க்மான் காட்டினார். அது உணவில் உள்ள சத்துக் குறைவே என்று 1901-இல் சரியாகச் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ். இன்று அதற்குப் பெயர் தயமின், பி1 வைட்டமின். 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மேய்ச்சலுக்குப் போகும் குஞ்சு புழு பூச்சி, புல் விதை என்று தின்று இந்தக் குறையை நிரப்பிக்கொள்ளும். கூண்டிலோ மொட்டைமாடியிலோ அடைத்து நொய் மட்டும் போடும் குஞ்சுக்கு அந்த வழி இல்லை.

நொய்யை அடியோடு விட வேண்டாம். கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளக் குருணை, தவிடு, கருவாட்டுத் தூள், முருங்கைக்கீரை ஆகியவற்றோடு அதுவும் இருக்கட்டும். சவலைக் குஞ்சுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துச் சில நாள் கொடுப்பது கைகண்ட முறை. முட்டைக்கோழித் தீனியைக் குஞ்சுக்குக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது. நம் ஊர்களில் இருந்த இன்னொரு வழி மறைந்துகொண்டு வருவது எனக்கு உண்மையாகவே வருத்தம். பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணம், வைக்கோல், கிழிந்த சாக்கு ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் மண்ணில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் பானையை நிமிர்த்தினால் சாக்கு முழுக்கக் கறையான் வெள்ளையாக நெளியும். குஞ்சுகளுக்கு நடுவே தட்டிவிட்டால், நேற்று வரை தூங்கி விழுந்த குஞ்சும் தலையைத் தூக்கிப் பார்க்கும். காசு செலவில்லாத புரதமும் கொழுப்பும் அது.

கடலைப் புண்ணாக்கு நல்ல புரதம்தான், ஆனால் பூசணம் பிடித்திருந்தால் அதுவே விஷம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நச்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற அந்த நச்சு குறைந்த அளவில் சேர்ந்தால் குஞ்சைக் கொல்லாது. கல்லீரலைக் கெடுத்து, வளர்ச்சியைத் தேக்கி, எந்தத் தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காதபடி செய்துவிடும். ஒரே அடையில் ஒன்றல்ல, பாதிக் குஞ்சுகள் தேங்கினால் முதலில் தீனி மூட்டையை மோந்து பாருங்கள்.

மூன்றாவது எதிரி ஈரம். மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் குஞ்சு சட்டென்று சோர்ந்துபோனால், எச்சத்தில் ரத்தம் கலந்திருந்தால், ரத்தக் கழிச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி குடலின் உட்சுவரைத் தின்பதால் வருவது. எச்சத்தோடு வெளியேறும் இதன் முட்டை அப்போதே தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு முதிர்கிறது. தாயோடு நாளும் இடம் மாறி மேயும் குஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி எதிர்ப்பு பெற்றுவிடும். தண்ணீர்த் தட்டு கவிழ்ந்து நனைந்த ஒரே மூலையில் அடைந்து கிடக்கும் குஞ்சு மொத்தமாக விழுங்கித் தொலைக்கும். பிழைத்தாலும் குடல் புண்ணாகியிருப்பதால் தின்பது உடம்பில் ஒட்டாது. இரண்டு மாதக் கோழி ஒரு மாதக் குஞ்சு போல நிற்பதற்கு நம் ஊரில் முக்கியக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். சாதாரணக் கிருமிநாசினிகள் இந்த முட்டைகளை ஒன்றும் செய்யா. ஈரத் தரையைச் சுரண்டி எடுத்து, வெயிலில் காயவிட்டு, காய்ந்த தேங்காய் நார்க்கழிவோ உமியோ பரப்புவதுதான் வழி.

இதற்கான மருந்து ஆம்ப்ரோலியம். இது பி1 வைட்டமினைப் போலவே வடிவம் கொண்டது. ஒட்டுண்ணி இதை வைட்டமின் என்று எடுத்துக்கொண்டு பட்டினியால் சாகிறது. 20 விழுக்காட்டுத் தூள் என்றால் லிட்டருக்கு 1.2 கிராம் வரை கலந்து மூன்று முதல் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். அளவைக் கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கேதான் ஜாவாக் கோழிகளின் கதை மறுபடி வருகிறது. குஞ்சு சோர்ந்திருக்கிறதே என்று அதே தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் கலந்தால் ஒட்டுண்ணிக்கும் வைட்டமின் கிடைத்து மருந்து வீணாகும். நொய் மட்டுமே தின்று ஏற்கெனவே பி1 குறைந்த குஞ்சுக்கு ஆம்ப்ரோலியத்தை வாரக்கணக்கில் நீட்டினால் அதற்கே கால் துவளும். மருந்து முடிந்த பிறகே டானிக்.

கால் துவள்வதெல்லாம் ஒன்றல்ல. விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு முட்டியால் நடந்தால் பி2 குறைவு, தொடக்கத்திலேயே கண்டால் தேற்றலாம். தலை பின்னால் மடங்கி வானத்தைப் பார்த்தால் பி1. இருட்டறையில் வளர்ந்து எலும்பு வளைந்தால் வெயில் போதவில்லை. பொரித்த ஓரிரு நாளில் கால்கள் பக்கவாட்டில் விரிந்தால் மெல்லிய ஒட்டுத்துணியால் இரண்டையும் இயல்பான இடைவெளியில் கட்டிவைத்தால் சில நாளில் நேராகும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடக்கும் வளர்ந்த குஞ்சுக்கு மாரெக் நோயாக இருக்கலாம். 1907-இல் ஹங்கேரியின் யோசெஃப் மாரெக் விவரித்த இந்த வைரஸ் நோய்க்குச் சிகிச்சை இல்லை, பொரித்த அன்றே போடும் தடுப்பூசி மட்டும் உண்டு. காலோடு தொடர்பில்லாத காரணங்களும் உண்டு. அம்மைக் கொப்புளம் கண்ணை மூடினால் குஞ்சு நோயால் சாவதற்கு முன் இரை தெரியாமல் பட்டினியால் சாகும். கண்ணைத் துடைத்துவிட்டு, தலையைத் தூக்கிப் பிடித்து இரை காட்டினாலே பல குஞ்சுகள் பிழைக்கும். ஆறேழு வாரத்துக்குப் பின் மெலிந்தால் குடற்புழுவை நினைக்க வேண்டும்.

மூலிகை வைத்தியத்தை இகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பது பசியைத் தூண்ட உதவும், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, கெடுதலும் குறைவு. ஆனால் ரத்தக் கழிச்சல் கண்ட குஞ்சுக்கு இதை மட்டும் நம்பி மூன்று நாள் காத்திருப்பது அதைக் கைவிடுவதற்குச் சமம். மறுபக்கம், எந்தச் சோர்வுக்கும் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கி ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு. வைரஸுக்கும் குளிருக்கும் பட்டினிக்கும் அது உதவாது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்கும் பிற உணவு விலங்குகளுக்கும் தருவதற்கு இந்திய அரசு 2019-இல் தடை விதித்ததை நினைவில் கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது? சூடும் நல்ல தீனியும் காய்ந்த இடமும் கொடுத்து இரண்டு வாரம் எடை சிறிதும் ஏறவில்லை என்றால், அல்லது எழுந்து நின்று தண்ணீர் குடிக்கவே முடியவில்லை என்றால், அதை இழுத்துக்கொண்டு போவது குஞ்சுக்கு இரக்கம் ஆகாது. கால்நடை மருத்துவரிடம் காட்டி முடிவெடுக்க வேண்டும். தேறி வந்த கோழி முட்டை இடலாம், வீட்டுக்கு உதவலாம். மெலிவுக்குக் காரணம் குளிரோ பட்டினியோதான் என்று திட்டமாகத் தெரியாதபோது அதன் முட்டையை மட்டும் அடைக்கு வைக்காதீர்கள். சில கிருமிகள் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. அடுத்தடுத்துப் பல கோழிகள் சாய்ந்தால் அறுத்துத் தின்னாமல், 1962 என்ற எண்ணில் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எத்தனை பாடுபட்டுத் தேற்றிய குஞ்சையும் ஒரே வாரத்தில் கொண்டுபோகக் கூடியது வெள்ளைக் கழிச்சல். அதற்கு மருந்து இல்லை. ஏழாம் நாள் கண்ணில் விடும் தடுப்புச் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் போடும் தடுப்பூசியும்தான் காப்பு. தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதம் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. ஆனால் அடை பிப்ரவரிக்காகக் காத்திருப்பதில்லை. சொட்டு மருந்துக் குப்பி ஒன்றில் குறைந்தது நூறு கோழிக்கான மருந்து இருக்கும். கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எட்டுக் குஞ்சு வைத்திருப்பவர் இதனாலேயே வாங்காமல் விட்டுவிடுகிறார். உங்கள் தெருவில் குஞ்சு வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பனிக்கட்டியோடு ஒரே குப்பியை வாங்கி வந்து, நல்ல நிலையில் உள்ள குஞ்சுகள் அனைத்துக்கும் அன்றே போட்டுவிடுங்கள். சுணங்கிய குஞ்சுக்கு மட்டும், தேறிய பின் அடுத்த குப்பியில்.